நாற்பத்தேழு துணி

கை இரண்டும் முழங்கை வரை வெந்து, கட்டுப் போட்டுக் கிடக்கிற மனுஷனிடம் கைநாட்டு வாங்க வந்த ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். மதுரை பெரியாஸ்பத்திரியில், தீக்காய வார்டில், எங்கள் பிளீச்சிங் கம்பெனி மேனேஜர் தங்கச்சாமி ஒரு தாளையும் மை டப்பாவையும் பையிலிருந்து எடுத்து என் வீட்டுக்காரர் கட்டில் மேல் வைத்தார். கட்டுக்குள்ளே விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினார். கால் பெருவிரல் போதுமாம்.

தாளை நான் பிடுங்கி வாசித்தேன். எட்டாவது வரை படித்தவள் நான். 'பாய்லர் ஓடும்போது நான் கண் அயர்ந்துவிட்டேன். தண்ணீர் மட்டம் இறங்கியதைக் கவனிக்கவில்லை. விபத்துக்கு நானே பொறுப்பு.' கீழே என் வீட்டுக்காரர் பெயர்: தனுஷ்கோடி, பாய்லர் அட்டெண்டண்ட்.

"என்ன சார் இது?"

"ஒண்ணுமில்லம்மா. இன்சூரன்ஸ்ல கேக்காங்க. சும்மா ஒரு பேப்பர்."

"அவிய தூங்கலையே."

"தூங்காம எப்படிம்மா டியூப் வெடிக்கும்?"

மை டப்பாவை எடுத்து ஜன்னல் வழியாக வீசினேன். "வெளிய போங்க சார். செத்த நேரம் நின்னியன்னா அடுத்தாப்புல என்னத்த வீசுவேன்னு எனக்கே தெரியாது" என்றேன். நர்ஸம்மா ஓடி வந்து சத்தம் போட்டாள். மேனேஜர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கோபமே படாமல், "நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கோபப்படாத மூஞ்சியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றிரண்டாம் வருஷம், புரட்டாசி மாதம். ராஜபாளையத்தில் எங்கள் கம்பெனியில் பேண்டேஜ் துணியை வெளுத்து, காயவைத்து, மடித்து அனுப்புவோம். நான் மடிப்பு செக்ஷன். வெளுக்கிற தொட்டிக்கு நீராவி வேண்டும், அதற்கு ஒரு பாய்லர். மேலே ஒரு பெரிய இரும்பு டிரம். அதிலிருந்து நாற்பத்தெட்டு குழாய்கள் வளைந்து வளைந்து அடுப்பைச் சுற்றிக் கீழே இறங்கும். குழாய்க்குள் தண்ணீர், வெளியே நெருப்பு. தண்ணீர் ஓடாத குழாய் பழுக்கக் காய்ந்து வெடித்துப்போகும். அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை வெடித்தது.

அந்த நேரம் அடுப்பு வாயைத் திறந்து வேலிக்கருவை விறகு போட்டுக்கொண்டிருந்தவர் பால்பாண்டி. நெருப்பும் நீராவியும் அவர் மேல் பாய்ந்தது. அவரைப் பிடித்து வெளியே இழுத்ததில்தான் என் வீட்டுக்காரர் கை வெந்தது. பால்பாண்டி மூன்றாம் நாள் இறந்துபோனார். அவர் பெண்சாதி சுடலைமாடத்தி, பஸ் ஏறிப் போகிற பக்கத்து ஊரில், மடவார் வளாகத்தில் எங்கள் தெருதான், எங்கள் வீட்டுக்கு நாலாவது வீடு. எனக்கு மூத்தவள். மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

என் வீட்டுக்காரர் தூங்கித்தான் பால்பாண்டி செத்தார் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மதினி நம்பிவிட்டாள். தெருக்குழாயில் நான் வைத்த குடத்தைக் காலால் எத்திவிட்டாள். "தூங்குமூஞ்சிப் பயலுக்கு வாக்கப்பட்டவளே, உன் வீட்டுக்குத் தண்ணி ஒரு கேடாட்டி?" என்று கேட்டாள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் என்ன செய்ய? குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தாலி அறுத்தவளிடம் சண்டைக்கா நிற்க முடியும்?

அவர் தூங்கவில்லை. குழாய் ஏன் வெடித்தது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

வருஷத்துக்கு ஒரு தடவை குழாய்க்குள் படிந்த உப்பைச் சுரண்ட வேண்டும். டிரம்முக்குள் ஆள் இறங்கி ஒவ்வொரு குழாயாகச் சுரண்டுவார்கள். ஒரு குழாயில் உதிர்கிற உப்பு மற்றதில் விழுந்துவிடாமல் முதலில் எல்லாக் குழாய் வாயையும் அடைத்துவிட்டு, சுரண்டுகிற குழாயை மட்டும் திறந்துகொள்வார்கள். வேறு ஊரில் அதற்கு மரத்தக்கை வைத்திருப்பார்களாம். எங்கள் கம்பெனியில் எதற்கெடுத்தாலும் பேண்டேஜ் துணி. கழிவுத் துணியைச் சுருட்டி நாங்களே மடிப்பு செக்ஷனிலிருந்து கொடுப்போம். நாற்பத்தெட்டு சுருள். எண்ணிக் கொடுத்து, வேலை முடிந்ததும் எண்ணி வாங்குவது என் வீட்டுக்காரர் பொறுப்பு.

அந்த வருஷம் ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை சுரண்டி முடித்தார்கள். திரும்பி வந்தது நாற்பத்தேழு. மறுபடியும் எண்ணினார். நாற்பத்தேழுதான். சுரண்ட வந்த கூலிக்காரர்கள் இரண்டு பேரும் குளிக்கப் போய்விட்டார்கள். "சார், ஒண்ணு குறையுது. திரும்ப இறங்கிப் பாக்கணும்" என்று மேனேஜர் காதோரம் போய்ச் சொல்லியிருக்கிறார். மணி பத்தேகால். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். பூசைத் தட்டு தயாராக இருந்தது, கற்பூரம் கொளுத்தியாயிற்று. எங்கள் கம்பெனியில் பாய்லருக்கு முதல் நெருப்பு மேனேஜர் கையால்தான் வைப்பது. பன்னிரண்டு வரைக்கும் காத்திருந்தால் அன்றைக்கு லோடு போகாது. "கீழ எங்கயாவது கெடக்கும்யா, கூட்டிப் பெருக்கும்போது வரும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் கற்பூரத்தை அடுப்பில் போட்டார். நாங்கள் எல்லோரும் நின்று கும்பிட்டோம். சுண்டல் கொடுத்தார்கள். துணி வரவே இல்லை.

அன்று சாயங்காலம் காப்பி குடிக்கும்போது இதை அவர் என்னிடம் சொன்னார். நான் ஒரு பதில் சொன்னேன். அது இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "துணிய பத்தி நீ வாயத் தொறக்காத. தெரிஞ்சுக்கிட்டே பத்து நாளு பாய்லர ஓட்டுனேன்னு ஆயிரும்." நியாயம்தானே? துணி உள்ளே இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் அவர் தூங்கவில்லை என்று ஆகும். ஆனால் அது குறைந்தது அவருக்கு முன்னமே தெரியும் என்பது தெரியக் கூடாது. இதை நான் எப்படிச் சாதிக்கப் போகிறேன் என்று தெரியாமல் மனசுக்குள் குமைந்துகொண்டு கிடந்தேன்.

இதற்கிடையில் மேனேஜர் வெடித்த குழாயை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட ஆள் ஏற்பாடு செய்துவிட்டார். நல்லவேளை, இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் தங்கள் இன்ஜினீயர் வந்து பார்க்கிற வரை எதையும் தொடக் கூடாது என்று தந்தி அடித்துவிட்டார்கள். சனிக்கிழமை அவர் வருகிறார், குழாய்க்குள் விட்டுப் பார்க்கிற ஒரு கருவியும் கொண்டுவருகிறார் என்று வாட்ச்மேன் சொல்லித் தெரிந்துகொண்டேன். வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரியாம்.

வெள்ளிக்கிழமையே மதினி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"எதுக்குட்டி வந்த?"

"நாளைக்கு எங்கூட கம்பெனிக்கு வா மதினி. குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு காட்டுவாக. நீயே உங் கண்ணால பாரு. அவிய தூங்குனாவன்னு தெரிஞ்சா, பொறவு உன் வாய்க்கு வந்ததப் பேசு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

மதினி உள்ளே போய்விட்டாள். காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு நான் போவதற்கு முன்னால் அவள் அங்கே நின்றாள். புரட்டாசிச் சனி. பக்கத்து மலைக்கோயில் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிடப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டு முழுக்க நெருக்கியடித்தது. ராஜபாளையம் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

கேட்டிலேயே மேனேஜர் மறித்தார். "பொம்பளையாளுக்கு இங்க என்ன வேல?"

"மடிப்பு செக்ஷன்ல அம்புட்டு பேரும் பொம்பளையாளுதான சார்? அங்க மட்டும் வேல இருக்கோ?" என்று சத்தமாகக் கேட்டேன். அந்தச் சத்தத்துக்கு பாய்லர் ஷெட்டிலிருந்து இன்ஜினீயர் எட்டிப் பார்த்தார். தேவஇரக்கம் என்று பெயர். நாற்பது வயது இருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கையெல்லாம் கரி. நாங்கள் யார் என்று விசாரித்தார்.

"பாய்லர் அட்டெண்டண்ட் இங்க இல்ல. அவர் பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்கட்டும். இறந்தவர் வீட்டம்மாவும் நிக்கட்டும்" என்றார். மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

கருவி ஒரு சூட்கேசுக்குள் இருந்தது. சுண்டுவிரல் தண்டியில் கறுப்பாக ஒரு நீளக் குழாய், எப்படி வேண்டுமானாலும் வளைகிறது. முனையில் ஒரு துளிக் கண்ணாடி. பக்கத்தில் ஒரு பெட்டி, அதை ஓட்டினால் விசிறி சத்தத்தோடு முனையில் வெள்ளை வெளிச்சம் வருகிறது. இந்தப் பக்கம் கண் வைத்துப் பார்க்க ஒரு வட்டம், ஒரு திருகு. திருகைத் திருப்பினால் உள்ளே முனை தலையைத் திருப்பும். ஒரு நேரத்தில் ஒரு கண்தான் பார்க்க முடியும்.

இன்ஜினீயர் டிரம்முக்குள்ளிருந்து அதை வெடித்த குழாயில் இறக்கினார். கண் வைக்கிற பக்கத்தை வெளியே நீட்டிவிட்டு இறங்கி வந்தார். அவர் பார்த்தார். திருகினார். மறுபடியும் பார்த்தார். "நீங்க பாருங்க" என்று மேனேஜரிடம் கொடுத்தார்.

மேனேஜர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "உப்புக்கட்டி சார். துருவும் உப்பும் சேந்து கட்டியா நிக்கி. தண்ணி இல்லாம காஞ்சா இப்படித்தான் ஆகும்."

"நான் பாக்கணும்" என்றேன்.

"உனக்கு என்னம்மா தெரியும் இதுல?"

"உங்களுக்குத் தெரியுததுல பாதி தெரிஞ்சாப் போதும் சார். கொடுங்க."

இன்ஜினீயர் என்னை ஒரு பெட்டி மேல் ஏறச் சொல்லி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். முதலில் வெறும் வெளிச்சம். பிறகு ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி வட்டமாகச் சுவர், சிவப்புத் துரு, அங்கங்கே வெள்ளை. அவர் திருகைத் திருப்பினார். கீழ் வளைவில், நெருப்புப் படாத இடத்தில், குழாயை முழுசாக அடைத்துக்கொண்டு பழுப்பாக ஒரு கட்டி. மேனேஜர் சொன்ன மாதிரி உப்புதான் அப்பியிருந்தது. ஆனால் ஓர் ஓரத்தில் உப்பு உதிர்ந்திருந்தது. அங்கே இழை தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாக, சின்னச் சின்னக் கட்டமாக.

பன்னிரண்டு வருஷம் அந்தத் துணியை மடித்த கண் இது. சாயம் ஏற்றிக் கொடுங்கள், கரியில் போட்டுக் கொடுங்கள், இருட்டில் கொடுங்கள், எங்கள் பேண்டேஜ் துணியை எனக்குத் தெரியாதா?

"துணி சார் இது! எங்க துணி! நாங்க சுருட்டிக் கொடுத்த அடைப்புத் துணி! உப்பாம்ல உப்பு! கண்ணுல புண்ணா சார் உங்களுக்கு?"

"சத்தம் போடாதம்மா" என்றார் மேனேஜர்.

"போடுவேன்! ஒரு உசிரு போயிருக்கு, ரெண்டு கை போயிருக்கு, கால்விரலு ரேகை கேட்டு வந்தீயள்ல, இப்ப சத்தம் மட்டும் போடக் கூடாதோ?"

இன்ஜினீயர் ஒரு நீளக் கம்பியை விட்டார், அதன் நுனியில் இடுக்கி மாதிரி இருந்தது. மெல்ல மெல்லத் திருகி இழுத்தார். நாலு இழை வந்தது. ஒரு வெள்ளைத் தாளில் வைத்தார். பேண்டேஜ் நூல், எந்தக் குருடனுக்கும் தெரியும். "மொதல்ல துணி வழியா தண்ணி கசிஞ்சு போயிருக்கும். நாளாக ஆக உப்பு படிஞ்சு முழுசா அடைச்சிருச்சு. அதான் உடனே வெடிக்காம பத்து நாள் தாங்கியிருக்கு. அட்டெண்டண்ட் தூங்கினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. மதினியைப் பார்த்தேன். இன்ஜினீயர் அவளையும் பெட்டி மேல் ஏற்றிப் பார்க்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்தாள். இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள். "குடத்த எத்துனேனேட்டி, மனசுல வச்சுக்காத" என்றாள். அந்த இடத்திலேயே நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

ஆனால் தங்கச்சாமி விடுகிற ஆளா? "சரி சார், துணியே இருக்கட்டும். எண்ணி வாங்க வேண்டியவன் யாரு? தனுஷ்கோடி. ஒழுங்கா எண்ணல. தூங்கலன்னா அஜாக்கிரத. ரெண்டும் ஒண்ணுதான். அப்படியே எழுதிருங்க."

இன்ஜினீயர் பேனாவை எடுத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார். "அம்மா, துணி குறைஞ்சது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா? யாருகிட்டயாவது சொன்னாரா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை. அது போதும். எண்ணத் தப்பிவிட்டது, மனுஷன்தானே என்று போயிருக்கும்.

"எங்கிட்ட எவனும் ஒண்ணும் சொல்லல" என்று மேனேஜர் முந்திக்கொண்டார். "அவனுக்கு ஒழுங்கா எண்ணவே தெரியாது சார். கை கால் வெளங்காதவன எல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான்."

கை கால் விளங்காதவனாம்! யாரால் விளங்காமல் போனது? எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

"பொய்யி! நாப்பத்தேழுன்னு ரெண்டு தடவ எண்ணுனாவ! உங்க காதுல வந்து சொன்னாவ! ராகுகாலம் வந்துரும்னு நீங்கதான கற்பூரத்தத் தூக்கிப் போட்டீய! அன்னைக்கு சாயங்காலமே எங்கிட்ட வந்து அம்புட்டையும் சொல்லிட்டாவ! புளுகுனா நாக்கு அழுகிரும்யா!"

மேனேஜருக்குப் பேயறைந்த மூஞ்சி. இன்ஜினீயர் எழுத ஆரம்பித்தார். மாட்டிக்கொண்டாயா என்று நான் மேனேஜரையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

என் கையைப் பிடித்திருந்த மதினி கையை எடுத்தாள்.

"என்னைக்குட்டி சொன்னாரு?"

"மதினி..."

"என்னைக்குன்னு கேட்டேன்."

"பாய்லர் பத்தவச்ச அன்னைக்கு."

"அன்னையிலருந்து எம் புருசன் அந்த அடுப்பு வாயிலதான நின்னாரு? பத்து நாளும்?"

நான் தலையை ஆட்டினேன்.

"அவருக்குத் தெரியுமா? எம் புருசனுக்கு உம் புருசன் சொன்னாரா?"

"இல்ல."

மதினி கத்தவில்லை. குழாயடியில் கத்தினாளே, அந்தச் சத்தத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. "சாயங்காலம் வந்து உங்கிட்ட சொன்னாருல்லா? அதுக்கு நீ என்னட்டி சொன்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை நேரம் அத்தனை பேரையும் பொய் பொய் என்று ஏசிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"அவிய அடுப்ப அணைச்சிட்டுத் தேடணும்னுதான் சொன்னாவ. நான்தான் வேண்டாம்னேன். மேனேஜரப் பகைச்சிக்கிட்டா ரெண்டு பேருக்கும் வேல போயிரும், பேசாம கெடங்க, ஒரு துணிதான, என்ன செஞ்சிரப் போவுதுன்னு சொன்னேன்."

"மறுநாளும் குழாயடியில எங்கூட நின்னு சிரிச்சிப் பேசுனியே."

"பேசுனேன்."

மதினி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இன்ஜினீயர் பக்கம் திரும்பினாள்.

"சார், நான் எழுதப் படிக்கத் தெரியாதவ. இவ இப்பச் சொன்னாள்ல, அதையும் எழுதிக்கிடுங்க. ஒரு எழுத்து விடாம."

இன்ஜினீயர் பேனா நின்றது. அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொன்னால் அவர் எழுதியிருக்க மாட்டார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. மேனேஜர் கூட என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளுடைய மூஞ்சியில் இப்போது ஒரு சின்னச் சிரிப்பு வந்திருந்தது.

"எழுதுங்க சார்" என்றேன். "அழகுத்தாய், மடிப்பு செக்ஷன். எம் பேருலயே எழுதுங்க."

அவர் எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். சுடலைமாடத்தி கடைசி வரை நின்று கேட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன்.